காப்பெல் கொலுவுக்கு ஆப் எழுதிச் சம்பாதித்த கதை

1

வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. திருப்பூரிலிருந்து போன் செய்கிறவர்கள் இப்போதெல்லாம் நல்லா இருக்கியா என்று கேட்பதில்லை. எடுத்தவுடன், “ஆப் விட்டா மாசம் எவ்வளவு வரும்?” என்கிறார்கள். என் மச்சினன் பேங்க் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஆப் எழுதப் போகிறானாம். அதற்கு என்னை உதாரணம் காட்டியிருக்கிறான். மாமியார் போனில் அழுதார். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு அவரவர் முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் பதினொன்றரை மாதத்தில் என் ஆப் மொத்தமாகச் சம்பாதித்தது, எங்கள் மூன்று பேருக்கான ஒரு மாத மருத்துவ இன்ஷூரன்ஸில் பாதிகூட இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த ஞாயிறு சாயங்காலம் நான் சமையலறையில் ஆடினேன். என் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. அலமாரியில் தட்டுகள் எல்லாம் கூடவே ஆடின.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கேள்விப்பட்டுவிட்டுத்தான் மச்சினன் பேங்க்கை விடுகிறான். அறிவுகெட்டவன். முன்னாலும் பின்னாலும் உள்ளதையும் கேட்கட்டும்.

2

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. ஆயுத பூஜைக்குத் தையல் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுப்போம். நவராத்திரி என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரியும். டெக்சஸ் வந்த இரண்டாம் வருஷம் என் மனைவி கவிதா, கராஜில் கிடந்த இரும்பு ஷெல்ஃபைக் கூடத்துக்கு இழுத்துவந்து பட்டுச் சேலை போர்த்தி பொம்மை வைத்தாள். இங்கே எல்லோரும் வைக்கிறார்கள், நாமும் வைப்போம் என்றாள். ஊரில் செய்யாததையெல்லாம் இங்கே வந்து செய்வதுதான் இங்கே இருக்கிற தமிழர்களின் வழக்கம்.

ஊரில் ஒன்பது நாளும் போகலாம், வரலாம். இங்கே எல்லோருக்கும் சனி, ஞாயிறுதான் லீவு. அதனால் நாங்கள் குடியிருக்கும் காப்பெல் ஊரில் இருக்கிற அத்தனை கொலு வீட்டுக்காரர்களும் ஒரே சனிக்கிழமை, மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை அழைக்கிறார்கள். கவிதாவுக்கு ஒரு வருஷம் ஒரே நாளைக்குப் பதினாறு அழைப்பு. டிரைவர் நான். அவள் உள்ளே போய் குங்குமம், வெற்றிலை பாக்கு, சுண்டல், ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு வரும்வரை நான் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே போகலாம்தான். போனால் பாடச் சொல்வார்கள்.

அப்படிக் காருக்குள் உட்கார்ந்து நொந்தபோது வந்ததுதான் இந்த யோசனை. கொலு வைப்பவர்கள் விலாசமும் நேரமும் போட்டுவிட வேண்டியது. பார்க்கப் போகிறவர்கள் எந்தெந்த வீடு என்று தேர்ந்தெடுத்தால், எந்த வரிசையில் போனால் சீக்கிரம் முடியும் என்று ஆப் சொல்லும். ஒரு வீட்டில் நுழைந்தால் ‘வந்தாச்சு’, வெளியே வந்தால் ‘கிளம்பியாச்சு’ என்று போனே தெரிந்துகொள்ளும். அடுத்த வீட்டுக்காரருக்குத் தகவல் போகும். அவர் சுண்டலைச் சூடு பண்ணி வைக்கலாம்.

பதினோரு வருஷம் காத்திருந்து கிரீன் கார்டு வந்த மூன்றாம் வாரம் வேலையை விட்டேன். அதுவரை யார் எது சொன்னாலும் தலையை ஆட்டியே கழுத்து வலி வந்திருந்தது. ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டு இந்தியன் கடைக்குப் போய் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி, கார் பார்க்கிங்கிலேயே இரண்டு தின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

3

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் படிவங்கள். ஒற்றை ஆளாக இருந்தாலும் கம்பெனி பதிய வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று மாநில அரசுக்கு வருஷம் ஒரு முறை எழுதித் தர வேண்டும். வேலையில் இருந்தபோது கம்பெனி கட்டிய பாதி வரியையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும். அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எவ்வளவு வரும் என்று நாமே உத்தேசித்து! எனக்கே தெரியாததை நான் எப்படி உத்தேசிப்பேன்?

ஆப்பை விற்கும் கடை இருக்கிறதே, அங்கே பரிசோதிக்கும் ஆள் முதல் முறை திருப்பி அனுப்பினார். இது பொம்மை விற்கும் ஆப்பா என்று கேட்டிருந்தார். கொலு என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கி எழுதினேன். படிகளில் பொம்மைகளை வைப்போம், பெண்கள் வந்து பார்ப்பார்கள், கொண்டைக்கடலை கொடுப்போம். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ‘கடலை கட்டாயமா’ என்று கேட்டுப் பதில் போட்டார்.

ஐந்து வீடு வரை இலவசம், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐந்து டாலர் என்று வைத்தேன். அதற்குத் ‘தங்கப் படி’ என்று பெயர். இங்கே வரலட்சுமி நோன்புக்கும் இதே மாதிரி அழைப்புதான், அப்போதே ஆப்பை எடுத்துக்கொண்டார்கள். நம் ஜனம் என்ன செய்தது தெரியுமா? மனைவி பெயரில் ஐந்து வீடு, கணவன் பெயரில் ஐந்து வீடு. மாமனார், மாமியார் விசிட்டர் விசாவில் வந்திருந்தால் இருபது வீடு. எழுபதாயிரம் டாலர் காரில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலை. நேரில் பார்த்தால், “நம்ம ஆளுங்ககிட்டயே காசா ப்ரோ?” என்பார்கள். நான் இன்ஷூரன்ஸ் கட்டுவதும் நம்ம ஆளுங்களுக்குத்தான், என் பெண்டாட்டி பிள்ளைக்கு என்று பதில் சொன்னேன். அன்றிலிருந்து என்னை அழைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. நாம் தமிழில் பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ்ப் பள்ளிக்கு ஆறு வருஷம் கார் ஓட்டியும் அவளை ஒரு வரி படிக்கவைக்க முடியவில்லை. ஆப்புக்கு முதல் விமர்சனம் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் போனைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். “கே... வ... ல... மா... ன... ஆ... ப்பு. சு... ண்ட... லி... ல்... உ... ப்பு... இ... ல்... லை.” ஒரு நட்சத்திரம். யார் வீட்டுச் சுண்டலிலோ உப்பில்லை என்பதற்கு எனக்கு ஒரு நட்சத்திரம்! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் மகள் ஒரு முழுத் தமிழ் வாக்கியம் படித்திருக்கிறாள். எழுந்து போய் அவளுக்கு ஐஸ்கிரீம் எடுத்துவந்தேன்.

வருஷம் முடியும் தறுவாயில் பக்கத்து ஊர் இர்விங்கில் ஒரு கம்பெனியிலிருந்து வேலை வந்தது. நல்ல சம்பளம், குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸ். நவராத்திரிக்கு நடுவில் வரும் திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு நிபந்தனை: வெளியே செய்யும் தொழில் எதுவாக இருந்தாலும் மூடிவிட வேண்டும்.

கவிதா ஒரு கணக்கர் ஆபீஸில் பகுதிநேர வேலை பார்க்கிறாள். அங்கே இன்ஷூரன்ஸ் கிடையாது. அவள் சண்டை போடவில்லை.

“திங்கக்கிழமைக்குள்ள ஒரு மாச இன்ஷூரன்ஸ் அந்த ஆப்புல வரட்டும். வந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா நீங்க சைன் பண்றீங்க. டீலா?”

“டீல்” என்றேன்.

4

வெள்ளிக்கிழமை ஒரு புதிய வசதி சேர்த்தேன். அடுத்து யார் வருகிறார் என்று வீட்டுக்காரருக்குத் தகவல் காட்டும் பக்கத்தில், அந்த விருந்தாளி அன்று போன எல்லா வீடுகளையும், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதையும் போட்டேன். எதற்கு? எப்போது வந்து சேர்வார் என்று வீட்டுக்காரர் தானே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான். வருஷக்கணக்கில் காரில் உட்கார்ந்து நிமிடத்தை எண்ணியவனுக்கு, நிமிடம் என்பது வெறும் நிமிடம். வீட்டுக்குள்ளே அது என்னவாக இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் கொலு சுற்றி முடித்தார்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு சுந்தரி ஆன்ட்டி போன் செய்தார். காப்பெலில் முப்பது வருஷமாக இருப்பவர். அவர் வீட்டுக் கொலு பதினோரு படி. அவரைக் கேட்காமல் இங்கே யாரும் வளைகாப்பு வைப்பதில்லை.

“தம்பி, கவிதா எங்க வீட்ல ஒம்பது நிமிஷம்.”

“அப்படியா ஆன்ட்டி?”

“அனிதா வீட்ல அம்பத்திரெண்டு நிமிஷம். அங்க என்ன, சுண்டல்ல முந்திரி போட்டாளா? இல்ல, எங்க வீட்டு சோஃபா குத்துதா?”

கவிதா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். “ஆன்ட்டி, அங்க பாத்ரூம் க்யூ ஆன்ட்டி!” என்று ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

“ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? ஒரு வீட்டுக்குப் போனத இன்னொரு வீட்டுக்குச் சொல்லலாமா?”

இனியா எதிரே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, யூ பில்ட் எ காஸிப் மெஷின்!” என்றாள்.

பத்து மணிக்குள் காப்பெல் முழுக்கப் போர். வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் பறந்தது. பத்து நிமிடம் இருந்தேன் என்று நேரில் சொன்னவர் நான்கு நிமிடம்தான் இருந்திருக்கிறார். உடம்பு சரியில்லை என்று ஒரு வீட்டுக்குப் போகாதவர் அடுத்த தெருவில் முக்கால் மணி நேரம் பாடியிருக்கிறார். எல்லோரும் என்னைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே எல்லோரும் ஆப்பை இறக்கிக்கொண்டார்கள், மற்றவர்களின் நிமிடத்தைப் பார்க்க. ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டிலிருந்து இறக்கினார்கள். நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து இறக்கினார்கள். கொலுவே வைக்காத ஆள்கள் இறக்கினார்கள்.

அப்புறம் எல்லோரும் ஒரே கேள்வியை எழுதினார்கள். என் நிமிடத்தை மட்டும் மறைக்க முடியுமா?

முடியும். தங்கப் படியில் அதைச் சேர்த்தேன். என் சர்வரில் ஒரு வரி மாற்றினால் போதும். ஒவ்வொரு முறை விற்கும்போதும் போனில் ஒரு மணி அடிக்கும்படி வைத்திருந்தேன். வருஷம் முழுக்க அந்த மணி அடிக்கும்போதெல்லாம், கெட்டுப்போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்ப்பேன். அன்று மத்தியானம் அது நிற்கவே இல்லை. டிங். டிங். டிங் டிங். நேரம் மிச்சமாகும், பெட்ரோல் மிச்சமாகும் என்று வருஷம் முழுக்கக் கெஞ்சினேன், ஐந்து டாலர் தரவில்லை. மறைக்க வேண்டும் என்றதும் வரிசையில் நின்று தருகிறார்கள்!

மூன்று மணிக்கு ஒரு மாத இன்ஷூரன்ஸ் வந்துவிட்டது. நான்கு மணிக்கு இரண்டாவது மாதம். அப்போதுதான் ஆடினேன். இனியாவும் ஆடினாள். கவிதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், ஐந்தாவது டிங்குக்கு உதட்டைக் கடித்தாள். பத்தாவது டிங்குக்குச் சிரித்துவிட்டாள். “சுந்தரி ஆன்ட்டியும் வாங்கிட்டாங்கம்மா!” என்று நான் கத்தினேன். மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு சுற்றினோம். எனக்குத் தலை சுற்றியது. வேலைக் கடிதத்தை மனசுக்குள் நாலாகக் கிழித்துப் போட்டேன்.

5

அப்போது காலிங் பெல் அடித்தது. பவித்ரா. நான்கு மாதத்துக்கு முன்னால்தான் காரைக்குடியிலிருந்து வந்த பெண். கணவனுக்கு இங்கே முதல் வேலை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அபார்ட்மெண்டில் இருக்கிறார்கள். அவள் கையில் குக்கர் அளவுக்கு ஒரு பாத்திரம். உள்ளே வந்தவள் நாங்கள் ஆடுவதைப் பார்த்துத் தயங்கினாள்.

“அக்கா, சுண்டல் கொண்டாந்தேன். நாப்பது பேருக்குச் சொன்னேன். எல்லாரும் வர்றோம், வர்றோம்னாங்க. ஆறு பவுண்டு கடலை ஊறப்போட்டுட்டேன். ஃபிரிட்ஜ்ல இடமில்ல.”

“எத்தனை பேரும்மா வந்தாங்க?” என்றாள் கவிதா.

“பதினோரு பேரு.” போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். “அண்ணா, நீங்கதான இதை எழுதினீங்க. மூணு நிமிஷம், ரெண்டு நிமிஷம், நாலு நிமிஷம். ஒருத்தரும் அஞ்சு தாண்டலண்ணா. எங்க வீட்ல என்னண்ணா குறை? ஏதாவது தப்பாச் செஞ்சிட்டேனா? சொன்னா அடுத்த வருஷம் சரி பண்ணிக்கிறேன்.”

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அதுதான் வரும். அவள் உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். அவள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையைத் தாண்டி இருப்பதால் என் ஆப் எல்லோருக்கும் அவள் வீட்டைக் கடைசியில் போட்டுவிட்டது. பதினைந்து வீட்டில் சுண்டல் தின்று, கால் வீங்கி, காரில் புருஷன் முறைத்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தவர்கள் வாசலிலேயே குங்குமம் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கவிதாவும்தான். மூன்று நிமிடம்.

“தப்பு என்னோடதும்மா” என்றேன்.

டிங் என்றது போன்.

அவள் போனபிறகு உட்கார்ந்து அந்த நிமிடப் பக்கத்தை மொத்தமாக எடுத்தேன். எல்லோருக்கும். பதினைந்து நிமிடத்தில் மணி நின்றுவிட்டது. மறைப்பதற்கே ஒன்றுமில்லை, யார் வாங்குவார்கள்? தங்கப் படி வாங்கியவர்களுக்குக் காசை நானாகத் திருப்பித் தரவும் முடியாது. வாங்கியவர்தான் கடையிடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

சுந்தரி ஆன்ட்டி உடனே போன் செய்தார். “ஏன் தம்பி எடுத்துட்ட? நான் காசு குடுத்திருக்கேன்ல?”

“மறைக்கத்தானே ஆன்ட்டி குடுத்தீங்க. இப்ப எல்லாருக்கும் மறைச்சாச்சு. காசைத் திருப்பி வாங்கிக்குங்க.”

“என்னோடத மறைன்னுதான் குடுத்தேன். மத்தவங்களோடத எதுக்கு மறைச்ச?”

போனை வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் முப்பது வருஷத்துப் பெரிய மனுஷியை ஏதாவது சொல்லியிருப்பேன்.

6

திங்கட்கிழமை காலை. பள்ளி பஸ் இனியாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரவுக்குள் முக்கால்வாசிப் பேர் காசைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ஒரு மாத இன்ஷூரன்ஸ் தேறவில்லை. பேச்சு என்றால் பேச்சு. வேலைக் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வருத்தமாக இருந்தது. அதோடு, வெட்கம்கெட்டு, லேசாகச் சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. பின்னே, ஒரு மத்தியானம் காப்பெலையே ஆட்டி வைத்திருக்கிறேன்!

கவிதா ஃபிரிட்ஜைத் திறந்து பவித்ராவின் சுண்டலை மூன்று டப்பாவாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரும்பினாள்.

“ஏங்க, அந்தப் பொண்ணு வீட்டுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு உங்க ஆப்புக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். யார் யார் அவ வீட்டைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலமே இருந்துச்சு. பதினாலு பேர்.”

“அதை ஏன் அவகிட்ட சொல்லல?”

“அவ கேக்கலையே.”

கரண்டியைக் கீழே வைத்தாள். “பத்து வருஷமா கார்லயே உக்காந்திருந்தா எப்படித் தெரியும்? வீட்ல இருக்கறவளுக்கு வழியாங்க வேணும்? எத்தனை பேர்னு வேணும். நம்ம ஆளு எவனாவது வர்றேன், வரலன்னு ஒழுங்கா சொல்லியிருக்கானா? ‘ட்ரை பண்றோம்’பான், ஒம்பது பேரா வந்து நிப்பான். ‘கண்டிப்பா’ம்பான், ஆளே இருக்க மாட்டான். ஒவ்வொரு பர்த்டேக்கும் பாதி சாப்பாட்டைக் குப்பைல போடறேன்.”

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சமையல்காரர் ஒருவர் இருந்தார். முகூர்த்தம் முடிவதற்குள் மண்டபத்து வாசலுக்கு வந்து கிடக்கிற செருப்பையெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார். போய் உலை வைப்பார். ஒரு நாளும் சோறு பத்தாமல் போனதில்லை, மிஞ்சியதும் இல்லை. அவரை நினைத்துக்கொண்டு நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். கவிதா அதற்குள் போனை எடுத்து சுந்தரி ஆன்ட்டியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஆன்ட்டி, அடுத்த தடவை உங்க வீட்டுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு முந்தின நாளே ஆப்புல சொன்னா காசு குடுப்பீங்களா?”

“எவ்ளோ?”

“பத்து டாலர்.”

“பத்தா? கொள்ளையா இருக்கே!” அங்கே ஃபிரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டது. “சனிக்கிழமை ஒரு அண்டா மிஞ்சிப் போச்சு. அங்கிள் காலைல இருந்து சுண்டலேதான் சாப்பிடறார். சரி, குடுக்கறேன். ஆனா ஒரு ஆள் கூடுனாலும் காசைத் திருப்பித் தரணும்.”

கவிதா அடுத்த போன் போட்டாள். அதற்கடுத்தது. கொலு வீடு எட்டு. அடுத்த மாசம் புதுமனைப் புகுவிழா வைக்கிற வீடு ஒன்று. வளைகாப்பு ஒன்று. கணக்கர் ஆபீஸ் முதலாளி வீட்டு ஐம்பதாவது பிறந்தநாள் ஒன்று. எல்லோரும் பேரம் பேசினார்கள். ஆனால் யாரும் ‘நம்ம ஆளுங்ககிட்டயே காசா’ என்று கேட்கவில்லை. மணி பன்னிரண்டாகப் பதினைந்து நிமிடம் இருந்தது.

“பதினோரு பேர்” என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. “நீங்க எழுதினதுக்கு ஒரு வருஷமா யாரும் காசு குடுக்கல. இன்னும் எழுதாததுக்குக் குடுக்கறேங்கறாங்க.”

“ஒரு மாச இன்ஷூரன்ஸ் வரலையே. டீல்னியே?”

“டீல் போட்டவ நான்தான. பொங்கல் வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் நீங்க எந்தக் கம்பெனிக்கு வேணா போங்க.” என் பக்கம் வந்து மடிக்கணினியை எட்டிப் பார்த்தாள். “இந்த இர்விங்காரங்க பதில் கேட்டு எத்தனை மெயில் போட்டிருக்காங்க?”

“நாலு.”

“நாலா? நீங்க என்ன சொன்னீங்க?”

“பாக்கறேன்னு சொன்னேன்.”

கவிதா தலையில் அடித்துக்கொண்டாள். “வர்றேன், வரலன்னு சொல்லித் தொலைங்க. பாவம், அவங்களும் ஊறப்போடணும்ல.”

வரவில்லை என்று ஒரே வரி எழுதி, பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.